எழும்பூர்ப் பாதிரியாரும் திண்ணைப் பள்ளியின் மணலும்

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊதியத்தில் சென்னைப்பட்டணத்தில் பணியாற்றிய இங்கிலாந்துத் திருச்சபைக் குருமார்களில் பெரும்பாலோர், புனித ஜார்ஜ் கோட்டையின் தேவாலயப் பதிவேடுகளில் கையெழுத்தாக மட்டுமே எஞ்சியிருக்கின்றனர். அவர்களுள் ஒருவரான ஆண்ட்ரூ பெல் என்பவரின் பெயர் மட்டும் ஐரோப்பா, வட அமெரிக்கா ஆகிய இரு கண்டங்களின் கல்வி வரலாற்றிலும் இடம்பெற்றது. அவர் எழுதி 1797-இல் லண்டனில் அச்சான ஒரு சிறு நூலும், அந்நூலுக்குக் காரணமாக அமைந்த தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளி ஒன்றும் அதற்கு மூலம். அந்தப் பள்ளி எந்தத் தெருவில் இருந்தது, அதன் வாத்தியார் யார் என்பதையெல்லாம் பெல் எழுதிவைக்கவில்லை. அவருடைய வாழ்க்கையைத் தமிழர்கள் படிக்க வேண்டியதற்கு அதுவே முதற்காரணம் ஆகிறது.

பெல் பிறப்பால் ஸ்காட்லாந்துக்காரர். சமயப் பணியாலும் அரசியல் சார்பாலும் முழுக்க இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்தவர். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையிலுள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 1753 மார்ச் 27 அன்று பிறந்தார். தந்தை முடிதிருத்தும் தொழிலும், அக்காலக் கனவான்கள் தலையில் அணிந்த செயற்கை முடி செய்யும் தொழிலும் நடத்தியவர். ஆயினும் இயந்திர நுட்பங்களில் ஈடுபாடு மிக்கவர். மகன் அந்நகரின் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்கைத் தத்துவமும் பயின்றார். இயற்கைத் தத்துவம் என்பது இன்று இயற்பியல் என வழங்கும் துறைக்கு அப்போதிருந்த பெயர். 1774-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவுக்குச் சென்று, அங்குள்ள தோட்ட முதலாளிகளின் பிள்ளைகளுக்கு வீட்டாசிரியராக இருந்தார். இடையிடையே புகையிலை வணிகமும் செய்தார். அமெரிக்க விடுதலைப் போர் முற்றிய 1781-இல் திரும்பும் வழியில் கப்பல் உடைந்து, நோவா ஸ்கோஷியாக் கரையில் உயிர் தப்பினார். நாடு திரும்பியபின் குருப்பட்டம் பெற்று, எடின்பரோவின் துறைமுகமான லீத்தில் சிறிது காலம் சபைப் பணி செய்தார். அதில் வருவாய் குறைவு. இந்தியாவிலோ வாய்ப்புகள் மிகுதி என்று அக்காலத்தில் எல்லோரும் நம்பினர்.

1787 ஜூன் மாதம் அவர் சென்னையில் வந்திறங்கியபோது கல்கத்தாவுக்குச் செல்வதே அவருடைய திட்டமாக இருந்தது. ஆனால் இங்கே மின்சாரம், காற்று, வெப்பம் பற்றிச் செய்முறைகளோடு அவர் நடத்திய கட்டணச் சொற்பொழிவுகளுக்கு வரவேற்பு கிடைத்தது. அத்துடன் படைக் குருவானவர் பதவிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. படைக் குருவானவர் என்பவர் ஒரு படைப்பிரிவினருக்கு வழிபாடு, ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றை நடத்திவைக்கக் கம்பெனி நியமித்த ஊதியப் பணியாளர். ஒரே மனிதர் பல படைப்பிரிவுகளின் பதவிகளை ஒருசேர வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் சம்பளம் வாங்குவது அந்நாளில் குற்றமாகக் கருதப்படவில்லை. பெல் ஒரே காலத்தில் எட்டுப் பதவிகள் வரை வகித்தார். சுமார் 128 பவுண்டுடன் சென்னைக்கு வந்த அவர் 1796-இல் ஊர் திரும்பும்போது ஏறத்தாழ 26,000 பவுண்டு சேர்த்திருந்தார் என்பதைக் கொண்டு, அந்த ஊழியங்களின் மதிப்பை அறிந்துகொள்ளலாம். அந்தப் பணம் இந்நாட்டு வரிப்பணத்திலிருந்து வந்தது என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும்.

இவ்வளவு பொருள் ஈட்டிய அதே மனிதர், தம் வாழ்வின் தலையாய பணிக்கு மட்டும் ஊதியம் வேண்டாம் என்று மறுத்தார். அப்பணி, எழும்பூரில் 1789-இல் தொடங்கப்பட்ட படைவீரர் ஆண் அனாதையர் காப்பகத்தின் கண்காணிப்பாளர் பணி. ஆங்கிலச் சிப்பாய்கள் போரிலும் நோயிலும் மாண்டபின், இந்நாட்டுத் தாய்மாருக்குப் பிறந்த அவர்களுடைய பிள்ளைகள் ஆதரவின்றி நின்றது சென்னையில் பெருஞ்சிக்கலாக வளர்ந்திருந்தது. பெண் குழந்தைகளுக்காக ஆளுநர் சர் ஆர்ச்சிபால்டு கேம்பலின் மனைவியார் 1787-இல் ஒரு காப்பகத்தை நிறுவினார். ஆண் குழந்தைகளுக்கானது அதைத் தொடர்ந்து வந்தது. பழைய எழும்பூர்ச் சிறுகோட்டையில் அது இயங்கியது. தாம்பரத்திலிருந்தும் பொத்தேரியிலிருந்தும் மின்சார ரயிலில் செல்வோர் இன்று இறங்கும் எழும்பூர் ரயில் நிலையத்தை ஒட்டிய பகுதியே அக்கோட்டை இருந்த இடம்.

காப்பகத்தின் தொடக்க நாட்கள் பெல்லுக்கு மனநிறைவு தரவில்லை. அமர்த்தப்பட்ட உதவி ஆசிரியர்கள் திறமை குறைந்தவர்கள். சற்றுத் திறமை வந்தவுடன் கூடுதல் சம்பளம் கிடைக்கும் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். எழுத்தறியாத சிறுவர்கள் மாதக்கணக்கில் அரிச்சுவடியிலேயே தேங்கினர். இந்நிலையில் ஒரு நாள் காலைச் சவாரியின்போது, பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்த நாட்டுப் பள்ளி ஒன்றைப் பெல் கண்டார். அதை அவர் தம் நூலில் மலபார்ப் பள்ளி என்று குறிப்பிடுகிறார். சென்னையிலிருந்த ஐரோப்பியர் அக்காலத்தில் தமிழரையும் தமிழையும் மலபார் என்றே அழைத்து வந்தமையால், அது தமிழ்த் திண்ணைப் பள்ளியே என்பதில் ஐயமில்லை.

திண்ணைப் பள்ளியில் மணல் வகித்த இடத்தை இன்றைய தலைமுறைக்குச் சற்று விளக்க வேண்டியிருக்கிறது. வாத்தியார் வீட்டுத் திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ மரத்தடியிலோ நடந்த அப்பள்ளிகளில், புதிதாகச் சேர்ந்த பிள்ளையின் முன் சலித்த ஆற்று மணல் பரப்பப்படும். எழுத்தின் ஒலியை உரக்கச் சொல்லிக்கொண்டே விரலால் அதன் வடிவத்தை மணலில் எழுதுவதும், கையால் தடவி அழித்துவிட்டு மீண்டும் எழுதுவதும் முதற்பாடம். வாய் சொல்ல, காது கேட்க, விரல் எழுத, கண் பார்க்க, எழுத்து நாற்புறமும் இருந்து பிள்ளையின் மனத்தில் பதிந்துவிடும். எழுத்து வடிவம் கைக்கு வசமான பிறகே ஓலையும் எழுத்தாணியும் தரப்படும். ஏனெனில் ஓலையில் கீறிய பிழையை அழிக்க முடியாது. காகிதம், மை, இறகு எதுவும் தேவைப்படாத இம்முறையில் செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை. பள்ளியின் மேற்பார்வையில் வாத்தியாருக்குத் துணையாகச் சட்டாம்பிள்ளை என்ற மூத்த மாணவன் இருப்பான். புதியவர்களுக்கு எழுத்துக் காட்டுவது, மனப்பாடம் கேட்பது, வராதவர்களை அழைத்து வருவது, வாத்தியார் இல்லாத வேளையில் ஒழுங்கைக் காப்பது ஆகியவை அவன் பொறுப்புகள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலும் இவ்வேற்பாடு நிலவியதை உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' காட்டுகிறது.

தாம் கண்ட மணல் எழுத்தை உடனே காப்பகத்தில் பின்பற்றும்படி பெல் கட்டளையிட்டார். கீழ் வகுப்பு உதவி ஆசிரியர் அது நடவாத காரியம் என்று தட்டிக் கழித்தார். தம் பாடமுறையை மாற்றிக்கொள்ள மனமில்லாத அம்மனிதரை ஒதுக்கிவிட்டு, ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் அரிச்சுவடி வகுப்பைப் பெல் ஒப்படைத்தார். அவன் ஒரு சாதாரணச் சிப்பாயின் மகன். ஆசிரியர் முடியாது என்றதைச் சிறுவன் செய்து முடித்தான். அதன் பின் வகுப்பு வகுப்பாக அதே முறை மேல்நோக்கிப் பரவியது. ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு மாணவ ஆசிரியனும் ஒரு துணைவனும் அமைந்தனர்; வகுப்பில் தேர்ந்தவன் ஒருவன் பின்தங்கிய ஒருவனுக்குச் சொல்லிக்கொடுத்தான். பாடங்கள் சிறு சிறு கூறுகளாகப் பிரிக்கப்பட்டன. ஒரு கூறு முழுமையாகத் தேறிய பின்பே அடுத்தது. சரியாகப் பதில் சொன்னவன் தவறியவனின் இடத்துக்கு முன்னேறுவான்.

தண்டனை முறையிலும் பெல் பெரிய மாற்றம் செய்தார். பிரம்படியே கல்வியின் அடிப்படை என்று இங்கிலாந்தும் நம்பிய, தமிழ்நாடும் நம்பிய காலத்தில், அவர் பிரம்பை ஏறக்குறைய விலக்கிவிட்டார். குற்றங்கள் ஒரு கறுப்பேட்டில் பதிவாகும். வாரந்தோறும் மாணவர்களே நடுவர்களாக அமர்ந்து அவற்றை விசாரித்துத் தீர்ப்புச் சொல்வர். தண்டனை அவர் கைக்குச் செல்லும் முன்பே பெரும்பாலும் மன்னிப்பில் முடிந்தது. திண்ணைப் பள்ளியில் கோதண்டம் என்னும் தண்டனை, அதாவது பிள்ளையைக் கயிற்றில் கைகளால் தொங்கவிடும் கொடுமை, சர்வ சாதாரணமாக இருந்ததை நினைத்துப் பார்க்கையில், இந்தக் கூறு பெல்லின் சொந்தச் சாதனை என்று மனமாரப் போற்றத் தக்கது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. மணல் எழுத்தைத் திண்ணைப் பள்ளியிலிருந்து எடுத்ததாகப் பெல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். மாணவன் மாணவனுக்குக் கற்பிக்கும் முறையையோ, உதவி ஆசிரியரின் பிடிவாதத்தால் தமக்குத் தோன்றிய சொந்தக் கண்டுபிடிப்பு என்று சாகும் வரை உரிமை கொண்டாடினார். அவர் பொய் சொன்னார் என்று காட்டச் சான்றில்லை. ஆனால் அது அவர் கண்டுபிடித்த புதுமை அன்று என்பதற்குச் சான்றுகள் நிறையவே உள்ளன. இத்தாலியப் பயணியான பியெத்ரோ தெல்லா வால்லே 1623-இல் கன்னட நாட்டில், ஆசிரியர் அருகில் இல்லாமலேயே சிறுவர்கள் ஒருவருக்கொருவர் பாடிச் சொல்லி, தரையில் பரப்பிய மணலில் எண்களை எழுதிக் கணக்குப் படித்ததை வியந்து பதிவு செய்திருக்கிறார். அது பெல் சென்னைக்கு வருவதற்கு நூற்று அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய செய்தி. பெல்லுக்குப் பின் 1823-இல் மதராஸ் மாகாணத்தின் பெல்லாரி மாவட்டக் கலெக்டராக இருந்த ஏ.டி. கேம்பல், அம்மாவட்டப் பள்ளிகளில் மூத்த மாணவர்களே இளையவர்களுக்குக் கற்பித்ததையும், அம்முறையை இங்கிலாந்து பின்பற்றியது தகும் என்பதையும் தம் அறிக்கையில் எழுதினார். பள்ளிக்கு முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரசுவதியின் பெயர் எழுதப்பட்டதையும் அவர் குறித்திருக்கிறார். ஆக, முந்தியவனுக்கு மதிப்பு என்ற ஏற்பாடும் இங்கே பழையதே. மணலைப் பார்க்க நின்ற கண், அதன் அருகில் இருந்த சட்டாம்பிள்ளையைப் பார்க்கவில்லை என்று நம்புவது கடினம். பெல்லுக்கு உரிய பெருமை வேறிடத்தில் இருக்கிறது. வழக்கமாக இருந்த ஒன்றை அவர் முறையாக்கினார், சோதித்தார், நாள்தோறும் விளைவைக் குறித்து வைத்தார், பிறர் எடுத்து ஆளும் வகையில் எழுதினார். அந்த நான்கும் திண்ணை வாத்தியார்கள் செய்யாதவை.

காப்பகத்தின் பயனைச் சென்னை விரைவிலேயே உணர்ந்தது. கம்பெனியின் வானியலாளர் மைக்கேல் டாப்பிங் 1794 மே மாதம் நில அளவைப் பள்ளி ஒன்றைத் தொடங்கியபோது, அதன் முதல் மாணவர்களான எட்டுச் சிறுவர்களையும் பெல்லின் காப்பகத்திலிருந்தே தேர்ந்தெடுத்தார். அந்த அளவைப் பள்ளியே காலப்போக்கில் வளர்ந்து இன்றைய கிண்டிப் பொறியியல் கல்லூரியானது. கிண்டி தொடங்கிப் பொத்தேரி வரையிலும் அதற்கு அப்பாலும் பெருந்தெருவின் இருபுறமும் பொறியியல் கல்லூரிகள் நிறைந்திருக்கும் இன்றைய தென்சென்னைக்கு, மணலில் எழுத்துப் படித்த அந்த எட்டுச் சிறுவர்கள் முன்னோடிகள் ஆகின்றனர். அதே 1794-இல், திப்பு சுல்தானின் பிணைப் பிள்ளைகளைத் திருப்பி ஒப்படைக்கச் சென்ற தூதுக்குழுவுடன் காப்பக மாணவன் வில்லியம் ஸ்மித் அனுப்பப்பட்டான். பெல்லிடம் கற்ற இயற்பியல் செய்முறைகளைத் திப்புவின் முன்னிலையில் அவன் செய்து காட்டினான். காப்பகத்தில் ஓர் அச்சகமும் அமைந்தது. அது வெளியிட்ட ஆண்டுக் குறிப்பேடு நெடுங்காலம் சென்னை அலுவலகங்களில் கைந்நூலாக விளங்கியது.

உடல்நலம் குன்றியதால் 1796 ஆகஸ்டில் பெல் சென்னையை விட்டுச் சென்றார். மறு ஆண்டு வெளியான அவருடைய நூலின் தலைப்புக்குக் 'கல்வியில் ஒரு சோதனை' என்பது பொருள். ஒரு பள்ளி தன்னைத் தானே கற்பித்துக்கொள்ள முடியும் என்ற கருத்து அதன் துணைத்தலைப்பிலேயே அடங்கியிருந்தது. எழுத்தாளராகப் பெல்லின் சிறந்த படைப்பு இம்முதல் நூலே; காப்பக நிர்வாகிகளுக்கு அளித்த அறிக்கையை ஒட்டியமைந்த அதில் தெளிவு இருந்தது. பின்னர் பதிப்புக்குப் பதிப்பு விரிந்த நூல்களிலும் 'கல்விக் கூறுகள்' முதலியவற்றிலும் கூறியது கூறலும் தற்புகழ்ச்சியும் மிகுந்தன. 1798-இல் லண்டனின் ஆல்ட்கேட் பகுதிப் பள்ளி ஒன்று அவர் முறையை முதன்முதலாக ஏற்றது. 1801-இல் இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள ஸ்வானேஜ் என்ற ஊரின் பங்குக் குருவானார். அங்கே பள்ளிகளை நடத்தியதோடு, அம்மை குத்தும் புதிய முறையை ஊராரிடம் தாமே முன்னின்று பரப்பியதும் குறிப்பிடத் தக்கது.

அவர் முறைக்கு நாடளாவிய புகழ் தேடித் தந்தது ஒரு சண்டை. குவேக்கர் என்னும் சீர்திருத்தப் பிரிவைச் சேர்ந்த ஜோசப் லங்காஸ்டர் என்ற இளைஞர், லண்டனின் சதக் பகுதியில் 1798 முதல் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி, ஒத்த முறையொன்றைக் கையாண்டு வந்தார். முதலில் பெல்லுக்கு நன்றி தெரிவித்த அவர் 1804-இல் ஸ்வானேஜுக்கே வந்து பெல்லைச் சந்தித்தார். ஆனால் அவருடைய பள்ளிகளில் எல்லாக் கிறித்தவப் பிரிவினருக்கும் இடம் இருந்தமையால், அரசுத் திருச்சபையின் பிடி தளரும் என்று சபையினர் அஞ்சினர். இதன் விளைவாக இரு கட்சிகள் எழுந்தன. கவிஞர்கள் கோல்ரிட்ஜ், சதே, வேர்ட்ஸ்வர்த் ஆகியோர் பெல்லின் பக்கம் நின்றனர். 1811-இல் திருச்சபையின் கோட்பாடுகளின்படி ஏழைகளுக்குக் கல்வி அளிக்கும் தேசியச் சங்கம் நிறுவப்பட்டது. அதன் ஆயிரக்கணக்கான பள்ளிகள் அனைத்திலும் கையாளப்பட்ட முறை 'மதராஸ் முறை' என்றே அழைக்கப்பட்டது. கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் 1819-இல் அமைந்த பள்ளிக் கழகமும் மதராஸ் பெயரையே தாங்கியது.

இவ்வளவு தூரம் பரவிய முறையின் ஆசிரியர் உள்ளத்தில் இருந்த எல்லைகளையும் மறைக்கக் கூடாது. உழைத்துப் பிழைக்க வேண்டிய ஏழைப் பிள்ளைகளுக்கு அளவுக்கு மீறிய படிப்புத் தந்தால் அவர்கள் தங்கள் நிலையில் மனநிறைவு கொள்ள மாட்டார்கள் என்று பெல் 1805-இல் எழுதினார். ஏழைகள் அனைவருக்கும் எழுத்தும் கணக்கும் கற்பிக்கத் தேவையில்லை என்பதும் அவர் கருத்து. காப்பகச் சிறுவர்களின் குறைகளுக்கு அவர்களுடைய இந்தியத் தாய்மாரின் வளர்ப்பே காரணம் என்று இழித்தும் எழுதினார். அத்தாய்மாரின் சமூகம் பல நூற்றாண்டுகளாகப் பயன்படுத்திய மணலிலேயே அச்சிறுவர்கள் எழுத்தறிந்தார்கள் என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை. இது அவர் வாழ்வின் மிகப் பெரிய குறை.

பின்னாளில் டர்ஹாம் அருகிலுள்ள ஷெர்பர்ன் மருத்துவ அறநிலையத்தின் தலைமை, வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தின் உயர் பதவி என வருவாய்கள் அவரிடம் குவிந்தன. 1800-இல் நடந்த திருமணம் சில ஆண்டுகளிலேயே பிரிவில் முடிந்தது; பிள்ளைகள் இல்லை. சேர்த்த செல்வத்தில் 1,20,000 பவுண்டு மதிப்புள்ள பத்திரங்களை 1831-இல் கல்விக்கு எழுதிவைத்தார். 1832 ஜனவரி 27 அன்று காலமாகி வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் அடக்கமானார். அவருடைய கொடையால் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 1833-இல் திறக்கப்பட்ட மதராஸ் கல்லூரி என்ற பள்ளி, அதே பெயரில் இன்றும் நடைபெறுகிறது. பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களில் கல்வியியலுக்கென்று முதன்முதலாக, எடின்பரோவிலும் செயின்ட் ஆண்ட்ரூஸிலும் 1876-இல் அமைந்த பேராசிரியர் பதவிகளும் அவர் அறக்கட்டளையின் பணத்தில் எழுந்தவை.

கடல் கடந்த முறையின் கதை இவ்வாறிருக்க, அது பிறந்த மண்ணில் நடந்தது வேறு. 1814 ஜூன் மாதம் கம்பெனியின் இயக்குநர்கள் வங்காளத்துக்கு அனுப்பிய கல்விக் கடிதத்தில், இந்நாட்டுப் பள்ளிகளின் தொன்மையான கற்பிக்கும் முறையே பெல்லின் வழியாக இங்கிலாந்தின் தேசிய முறையாகிவிட்டது என்று பாராட்டியிருந்தனர். ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் ஆணையிட்டுத் தொகுத்த கணக்கில், மதராஸ் மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருப்பதாகத் தெரிந்தது. பொத்தேரி, கூடுவாஞ்சேரி உள்ளிட்ட ஊர்கள் அடங்கிய செங்கல்பட்டு மாவட்டத்தில் மட்டும் 508 பள்ளிகள் பதிவாயின. அவற்றில் படித்தவர்களில் பெரும்பான்மையினர் சூத்திரர் என்ற தலைப்பில் எழுதப்பட்ட பிள்ளைகள். தீண்டாமைக்கு ஆளான சாதியினரும் பெண்களும் மிகச் சிலரே என்பதால், திண்ணைப் பள்ளியைக் குறையற்ற பொற்காலமாகக் கொள்வதும் பொருந்தாது. எனினும் இருந்த பள்ளிகளும் நலிந்துகொண்டிருந்தன. பெல்லாரியில் ஒன்பது லட்சத்துக்கு மேற்பட்ட மக்களுக்கு 533 பள்ளிகளும் ஏழாயிரத்துக்கும் குறைவான மாணவர்களுமே எஞ்சியதைக் கண்ட கேம்பல், நாடு வறுமையில் மூழ்கி வருவதே காரணம் என்றும், முன்பு அரசர்கள் கல்விக்கு அளித்த மானியங்கள் நின்றுபோயின என்றும் அரசுக்கு எழுதினார்.

மதராஸ் மாகாணத்தின் திண்ணைப் பள்ளி வாத்தியார்களுக்கு மானியம் எதுவும் வரவில்லை. கேம்பல் எழுதிப் பத்தாண்டுகள் கழித்து, 1833-இல், பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தன் வரலாற்றில் முதன்முறையாக ஏழைகளின் பள்ளிக் கட்டடங்களுக்கென 20,000 பவுண்டு ஒதுக்கியபோது, அத்தொகை மதராஸ் முறையைக் கையாண்ட பெல்லின் தேசியச் சங்கத்துக்கும் லங்காஸ்டரின் வழிவந்த சங்கத்துக்கும் பிரித்தளிக்கப்பட்டது.

(தொடரும்)